மாங்குளமா, மாங்கேணியா?

மல்லாவிக்காரன்:
அந்தக் காலத்தில் செய்தி எப்படிக் கேட்டோம் என்றால், நான் கேட்டதைவிட றேடியோவுக்காகச் சைக்கிளை உழக்கியதுதான் அதிகம்.

1997, வன்னிமீது இராணுவம் 'ஜெயசிக்குறு' என்ற படை நடவடிக்கையைத் தொடங்கிய வருடம். கரண்ட் கிடையாது, வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. அப்பா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, இடையில் ஒரு டயோட்டையும் வைத்து றேடியோவுக்குக் கொடுத்திருந்தார். இரவு 9.15க்கு பி.பி.சி தமிழோசை. அந்த 9.15 எங்கள் நேரம். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. அரசாங்கப் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போய் வருபவர்கள்தான் நேரம் தெரியாமல் முழிப்பார்கள்.

ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில் குந்தியிருக்கும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கொஞ்சம் தளர்ந்தாலும் செய்தி வாசிப்பவரின் குரல் மெலிந்து காணாமல் போகும். "உழக்கடா தம்பி, உழக்கு!" என்று நாலு பக்கமும் சத்தம் வரும்.

ஒருநாள் சரியாக "மாங்…" என்ற இடத்தில் கை சோர்ந்துவிட்டது. திரும்ப வேகம் பிடிப்பதற்குள் அடுத்த செய்தி. சண்டை மாங்குளத்தில் என்றால் பக்கத்து ஊர், இரவே மூட்டை கட்டவேண்டும். மாங்கேணி என்றால் மட்டக்களப்புப் பக்கம். பெரியாக்கள் சாமம்வரை அந்த இரண்டு எழுத்தை வைத்தே வாதாடினார்கள். என்னை ஒருவரும் ஏசவில்லை, அதுதான் கூடச் சங்கடம். பெரியம்மா உரலைத் தவிர மிச்சமெல்லாம் கட்டி வைத்துவிட்டா.

விடிந்ததும், வாசிகசாலைக்குப் பேப்பர் வரமுன்னமே, மாங்குளம் பக்கமிருந்து விறகு கட்டிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். ஓடிப்போய் மறித்துக் கேட்டோம். "அங்க நேற்று நல்ல மழை," என்றார். பெரியம்மா மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினா.

கண்டாவளைப் பிள்ளை:
அண்ணா, உங்களுக்கு எழுத்துக் குறைந்தது. எங்களுக்குக் கூடிப்போய்த்தான் கரைச்சல்.

2018 டிசம்பர், கிளிநொச்சி வெள்ளம். நடு இரவில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "இரணைமடுக் குளம் உடைஞ்சிட்டுது, ஓடுங்கோ!" அதே பதிவு ஐந்து குழுவில் வந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியுமுன் கனடாவிலிருந்து தம்பி அழுதுகொண்டு போன் எடுக்கிறான். குளத்துக்குக் கிட்ட, கிளிநொச்சித் திருவையாற்றில் இருக்கிற மாமாவுக்குப் போன் அடித்தேன். "ஆர் சொன்னது? நான் குளக்கட்டிலதான் நிக்கிறன் பிள்ளை. வான்கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான்," என்றார். சரியென்று போனை வைத்துவிட்டுக் காலைக் கீழே விட்டேன். பாதம் நனைந்தது. குளம் உடைந்தது பொய், தண்ணீர் மெய்! உடுப்புப் பெட்டியை மேசையில் ஏற்றி முடிய முழங்கால் அளவு.

இப்போதும் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் மாமாவுக்குத்தான் அடிப்பேன். கொழும்புச் செய்தியென்றாலும் அவரிடம்தான் கேட்கிறேன், அவருக்கென்ன தெரியும்!

முள்ளியவளை:
எங்கள் அம்மா பேப்பரை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்துதான் விரிப்பா. அங்கே தெரிந்த முகம் இல்லையென்றால் பேப்பரில் ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிடுவா.

மல்லாவிக்காரன்:
ஒன்று எழுத விட்டுப்போச்சு. தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அப்பா 9.15க்கு றேடியோவைப் போட்டு, இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிற்பாட்டுவார். ஏனப்பா என்று கேட்டால் சுவர் மணிக்கூட்டைக் காட்டி, "இது இரண்டு நிமிசம் பிந்தி ஓடுது," என்பார்.