முதியோர் இல்லத்தில் பழசைப் பேசும் அமர்வு: எப்படி நடத்துவது, எங்கே கெட்டுப்போகும்?

திண்ணைவாசி:
ஒரு முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் வீதம் எட்டு வாரம், பழைய நினைவுகளைப் பேசவைக்கும் அமர்வு வைக்கிறோம். 14 பேர், வயது 68 முதல் 86 வரை. இருவருக்குக் காது மந்தம். ஒருவருக்கு ஆரம்பநிலை டிமென்ஷியா (மறதி நோய்). மூன்று பேர் துணையை இழந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. நடத்தப்போவது சமூகப்பணி மாணவர்கள். உளவியலாளர் எரிக்சன் வாழ்க்கையைப் பிரித்த எட்டு நிலைகளில் கடைசியான முதுமை நிலையும், மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து நிலைகளும் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) அவர்கள் பாடத்தில் இருப்பதால், யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று முதலிலேயே குறித்துக்கொண்டு தொடங்கலாமா? சாவுப் பேச்சு வந்தால் உடனே மாற்றிவிடச் சொல்கிறது இல்லத்தரப்பு. அது சரியா?

ஆறாம்விரல்:
குறிக்கவே குறிக்காதீர்கள். எரிக்சன் 1950இல் சொன்ன நிலைகள் பஸ் ஸ்டாப் வரிசை இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு பக்கம் இழுபடும் கயிறு. எட்டாம் நிலையில் நிறைவு, விரக்தி இரண்டும் சேர்ந்தே இருக்கும். விரக்தி துளியும் இல்லாதவர்தான் 'தேறியவர்' என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டால், அழுகிற பாட்டியைத் தோற்றவராகப் பார்ப்பார்கள்.

ஏழாம் நிலை, அதாவது அடுத்த தலைமுறையை ஆளாக்கிவிடும் வேலை, 40 முதல் 65 வரை என்பதும் தோராயம்தான். எரிக்சன் இதற்கு விரிவாக எடுத்துக்கொண்ட ஆள் காந்தி: 1918 அகமதாபாத் மில் வேலைநிறுத்தம், அப்போது அவருக்கு 48 வயது. ஆனால் 75 வயதில் இல்லத்துச் சமையல்காரப் பெண்ணுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் தாத்தா செய்வதும் அதே வேலை. தொண்ணூறு வயதைக் கடந்த ஜோன் எரிக்சன், கணவரின் எட்டோடு ஒன்பதாவதைச் சேர்த்து 1997இல் வெளியிட்டார். உடம்பு கைவிடும்போது முதல் நிலையான கைக்குழந்தைப் பருவத்தின் கேள்வி, அதாவது மற்றவரை நம்பலாமா என்பது, திரும்ப வருகிறது என்பது அதில் ஒரு முக்கியப் புள்ளி. உங்கள் 86 வயதுக்காரருக்கு வாழ்க்கையின் அர்த்தத்தைவிட, ராத்திரி பாத்ரூம் போக யார் கை கொடுப்பார்கள் என்பதே பெரிய கேள்வியாக இருக்கலாம். அதற்கு வழிசெய்யாமல் நினைவு அமர்வு நடத்துவது வீண்.

குப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. துணையை இழந்தவர்களை வைத்து அல்ல. ஐந்தும் வரிசையாக வரும் என்பதற்கும் ஆதாரம் தேறவில்லை. துக்கத்தில் இருக்கும் மூவருக்கு, துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் 1999இல் சொன்ன இரட்டைப் போக்கு பொருந்தும்: ஒரு நேரம் இழப்பில் மூழ்குவார்கள், இன்னொரு நேரம் பென்ஷன் ஃபார்ம் நிரப்புவார்கள். இந்த ஊசலாட்டம் இயல்பு. காலையில் அழுதவர் மாலையில் சிரித்தால் நடிப்பு இல்லை.

மெதுநடை:
நடைமுறைக்கு வர்றேன். 14 பேர் ரொம்ப அதிகம். டிமென்ஷியா உள்ளவரோட தனியா, இருபது நிமிஷம் போதும். மீதி 13 பேரை ஏழு, ஆறாப் பிரிங்க. அவங்களுக்கு 45 நிமிஷம், காலை டிபனுக்கு அப்புறம். நீர் பிரியற மாத்திரை போடறவங்க இருந்தா அதோட வேகம் அடங்கினப்புறம் வைங்க, இல்லேன்னா பாதியில எழுந்து போயிட்டே இருப்பாங்க. காது மந்தமானவங்களை ஜன்னலுக்கு எதிரா உட்கார வைக்காதீங்க. பேசறவர் முகம் இருட்டாயிடும், உதட்டசைவு தெரியாது. ஃபேன் சத்தத்தையும் குறைக்கணும்.

தலைப்பு எடுக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. முதுமையில அதிகமா ஞாபகம் வர்றது ஏறத்தாழ 10 வயசுலேர்ந்து 30 வயசு வரை நடந்தது. இன்னிக்கு 80 வயசுன்னா ஏறத்தாழ 1955 முதல் 1975 வரை. "சின்ன வயசு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லி முடிச்சிருவாங்க. கையில ஒரு ஓட்டைக் காலணாவைக் குடுத்துப் பாருங்க. விரல் தானா அந்த ஓட்டையைத் தேடும். "இதுக்கு என்ன கிடைக்கும்?"னு மட்டும் கேளுங்க. 1957 ஏப்ரல்ல அணா கணக்குக்குப் பதிலா ரூபாய்க்கு நூறுன்னு நயா பைசா வந்தப்ப, அணாவுக்கு ஆறு பைசாவான்னு கடையில நடந்த சண்டை வரைக்கும் வந்துரும். ஆனா 68 வயசுக்காரருக்கு அது பழம்பொருள்தான். அவருக்கு டிரான்சிஸ்டர், இலங்கை வானொலி.

1964 தனுஷ்கோடி புயல் மாதிரி விஷயத்தை நீங்களா எடுக்காதீங்க. அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருந்தா? முதல் வாரமே கல்யாணம்ங்கிற தலைப்பும் வேண்டாம், அந்த மூணு பேரை நினைச்சு. நாலாவது வாரத்துக்கு மேல பாத்துக்கலாம்.

அடிக்கடி கெடற இடம் ஒண்ணு: ஒருத்தர் மூணு வாரமும் பாகப்பிரிவினையையே பேசுவார். அதே வார்த்தை, புது ஆள் யாரும் கதைக்குள்ள வரமாட்டாங்க. அது நினைவுகூரல் இல்லை, புண்ணைச் சொறியறது. "அன்னிக்கு வீட்டுல வேற யார் இருந்தாங்க?", "அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?"ன்னு ஓரத்துலேர்ந்து கேளுங்க. அப்பவும் நகரலேன்னா குழுவை விட்டுத் தனியா, பயிற்சி உள்ள ஆலோசகரோட. மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963ல சொன்ன முழு வாழ்க்கை மீள்பார்வை வேற. கசப்பையும் எடுத்துப் பாக்கற வேலை அது. மாணவர்கள் தனியா அதுல இறங்கக் கூடாது.

திண்ணைவாசி:
நன்றி, இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். டிமென்ஷியா உள்ள அம்மா "எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டால் என்ன சொல்வது? சாவுப் பேச்சுக்கும் பதில் வரவில்லை.

கைவிளக்கு:
"உங்க அம்மா செத்து நாப்பது வருஷமாச்சே" என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று அந்த வீட்டுக்குள்ளேயே கூட்டிப்போங்கள். "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வி அவருக்குப் பரீட்சை, அதைக் கேட்கவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். ஒருவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று குழம்பினால், அல்லது வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், "வயசு" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மலச்சிக்கல், புதுத் தூக்க மாத்திரை என்று காரணம் இருக்கும். அன்றே டாக்டரிடம் காட்டணும். தூங்கி வழியும் வகைதான் அதிகம் தப்பிப்போகிறது, தொந்தரவு தராததால்.

சாவுப் பேச்சை மாற்றச் சொல்வது தப்பு. "போய்ச் சேர்ந்தா தேவலை" என்பது அலுப்பாக இருக்கலாம், தயாராகிவிட்டதாக இருக்கலாம், சாக நினைப்பதாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்: "எதை நினைச்சு அப்படிச் சொல்றீங்க?" பிறகு நேராகவே, "உயிரை விட்டுரலாம்னு தோணுதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரை சேர்த்துவைத்திருந்தால், சாப்பாட்டைத் தள்ளினால், தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் எண் 14416. மனச்சோர்வை அளக்க 15 கேள்வி கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் உண்டு. மதிப்பெண் ஐந்தைத் தாண்டினால் டாக்டர் பார்க்கணும். அந்த எண்ணே நோய் முடிவு ஆகாது.

துணையை இழந்த மூவருக்கும் முதல் வருஷத் திதி எப்போது என்று குறித்துவையுங்கள். ஆங்கிலத் தேதியிலிருந்து முன்னே பின்னே நகரும், வீட்டாரிடம் கேளுங்கள். அந்த வாரம் அவர்களில் யாராவது அமர்வுக்கு வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

எட்டு வாரத்துக்குள் இல்லத்திலேயே ஒருவர் இறந்தால், உடலைப் பின்வாசல் வழியாக ராத்திரியோடு கொண்டுபோகும் பழக்கத்தைத் தயவுசெய்து விடச் சொல்லுங்கள். கட்டில் காலியானது எல்லோருக்கும் தெரியும். நம்மையும் இப்படித்தான் அனுப்புவார்கள் என்ற பயம் அப்புறம் ஒவ்வொரு அறையிலும் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த அமர்வில் இறந்தவர் பேரைச் சொல்லி, அவர் போன வாரம் சொன்ன கதையிலிருந்து தொடங்குங்கள். எட்டாவது வாரம்தான் கடைசி என்பதை ஆறாவது வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.