தோட்டா உள்ளே போகிறது, வெற்று உறை வெளியே வர மறுக்கிறது

செம்பனைக்காரன்:
வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்களுக்கு 4 ஏக்கர் செம்பனை. இளங்கன்றுகளின் குருத்தைப் பன்றிகள் தோண்டித் தின்கின்றன. அப்பா காலத்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, 12 போர் (குழல் துளையின் அளவு). உரிமம் என் பெயரில் இருக்கிறது. புதிதாக வாங்கிய தோட்டா தடையில்லாமல் உள்ளே போனது. சுட்டதும் தோளில் கழுதை உதைத்தது போல இருந்தது. வெற்று உறையைக் குச்சி விட்டுத் தள்ளித்தான் எடுத்தேன். துப்பாக்கி பழுதா? அப்பாவின் பிஸ்கட் டின்னில் பழைய தோட்டாக்களும் கிடக்கின்றன. சில காகித உறை, இரண்டு மஞ்சள் நிறம். அவற்றைச் சுடலாமா?

பழைய கிராணி:
தம்பி, முதலில் சுடுவதை நிறுத்துங்கள். தோட்டா உறையில் 76 (மி.மீ.) என்று இருக்கிறதா? அது சுட்ட பிறகு விரியும் நீளம். சுடாதபோது வாய் மடிந்திருப்பதால் சுமார் 65 மி.மீ. தான் இருக்கும்; அதனால் 70 மி.மீ. அறையிலும் (குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடம்) சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சுட்டதும் மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகலில் நெருக்கும், அழுத்தம் ஏறும். நுழைந்தால் பொருந்தும் என்று நினைப்பதுதான் இங்கே ஆபத்து.

அந்த மஞ்சள் இரண்டையும் தனியே எடுத்து வையுங்கள். மஞ்சள் பெரும்பாலும் 20 போர்; எண் பெரிதானாலும் தோட்டா 12-ஐவிட ஒல்லி. 12 போர் குழலில் போட்டால் அறையைத் தாண்டிச் சறுக்கி நடுவில் சிக்கும். அறை காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும்.

ஆறாம் நம்பர் லயம்:
காகிதத் தோட்டாவை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும். எங்கள் மாமா அப்படித்தான் செய்வார்.

பழைய கிராணி:
அப்பளமா அது? ஈரம் குடித்த வெடிமருந்து அரைகுறையாக எரிந்தால் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுமணிகள்) குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்ததைப் போடாமல், தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், முனையை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடம் பொறுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

ரப்பர் மரம்:
இன்னொன்று. உரிமத்தில் அடங்காத தோட்டாக்களை வைத்திருந்தால் 1960 ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். காவல் நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

செம்பனைக்காரன்:
நன்றி ஐயா. பெட்டியில் 76 தான். குழலின் அடியில் 2½ என்று பொறித்திருக்கிறது. அப்படியானால்?

பழைய கிராணி:
அது அங்குலக் கணக்கு; 65 மி.மீ. அறை! உங்களுக்கு 70-ம் ஆகாது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அறையை அளந்து, குழலில் வீக்கமோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுபடி தொடுங்கள்.

ரப்பர் மரம்:
பன்றிக்கு எஸ்ஜி ரவையா (பெரிய மணிகள்), ஒற்றைக் குண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். குண்டு வெகுதூரம் போகும். பின்னால் மண்மேடு இல்லாமல் வேண்டாம். எஸ்ஜி 30 மீட்டருக்குள் போதும், ஆனால் தப்பிய ரவையும் சில நூறு மீட்டர் பறக்கும். பக்கத்தில் பால்மரம் (ரப்பர்) இருந்தால் இன்னும் கவனம். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தலைவிளக்கு, புதருக்கு அப்பால் மிருகத்தின் கண் போலவே மினுங்கும்.

செம்பனைக்காரன்:
வேலிக்கு அப்பால் பால்மரம்தான். அந்தப் பக்கம் சுடப் போவதில்லை. நாளைக் காலை ஈப்போவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகிறேன். டின்னைப் பற்றி நிலையத்தில் சொல்லிவிட்டேன்.