ஆளுக்கொரு சங்கீதம், ஒரே பேண்டு: எப்படி ஒட்ட வைப்பது?

அல்சூர் பேஸ்:

வணக்கம் மக்களே. பெங்களூரில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பேண்டு நடத்துகிறோம். எல்லாருக்கும் பிழைப்பு வேறு, சனி ஞாயிறில் இந்திரா நகரில் ஒரு ஜாம் ரூமை வாடகைக்கு எடுத்து வாசிப்போம். நான் பேஸ் கிடார், காலேஜ் காலத்திலிருந்தே மெட்டல்தான், கிடார்காரரும் அதே ரகம். பாடுபவர் மல்லேஸ்வரத்தில் சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்தவர், 1 கட்டையில் (அதாவது சி சுருதியில்) பாடுவார். மிருதங்கம் அவருடைய கூட்டாளி. கீபோர்டு வாசிக்கும் பெண் காக்ஸ் டவுன் பக்கம் தமிழ் சர்ச் கொயரில் வளர்ந்தவர், நோட்டேஷனை முன்னால் வைத்தால் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுவார். பறைக்கு ஒரு தம்பி, கேஜிஎஃப்காரர் (கோலார் தங்கவயல்), மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறார்.

சொல்லும்போது அமர்க்களமாக இருக்கிறது இல்லையா? மேடையில் ஏறினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். சண்டை முக்கியமாக இரண்டு இடத்தில். தோடி ராகத்தில் ஒரு பாட்டு வைத்திருக்கிறோம், பாடுபவர் காந்தாரத்தை (க ஸ்வரத்தை) அசைத்து அசைத்துப் பாடுவார், அதே இடத்தில் கீபோர்டில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்குவது) பிடித்தால் பக்கத்து ரூமில் வேறு யாரோ வாசிப்பது மாதிரி கேட்கிறது. அப்புறம் மிச்ர சாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். எனக்கும் கிடாருக்கும் ஏழு என்றால் நாலும் மூன்றும். மிருதங்கத்துக்கு மூன்றும் நாலும். பறைத் தம்பி எண்ணவே மாட்டார், காதால் பிடிப்பவர், கடைசியில் அவர்தான் சரியாக வந்து சேர்கிறார் என்பது வேறு விஷயம்.

ஒவ்வொருவரும் மற்றவர் சங்கீதத்தைக் கொஞ்சமாவது கற்றே ஆக வேண்டுமா, இல்லை அவரவர் பாணியில் விட்டுவிட்டால் தானாக அமையுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தொப்பியும் வலந்தலையும்:

தோடியை முதல் பாட்டாக எடுத்த தைரியத்துக்கு ஒரு சலாம். அந்தக் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும், கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கி அதைக் காட்ட முடியாது. பாடுபவரையும் குறை சொல்லாதீர்கள், கீபோர்டுப் பெண்ணையும் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் கிடார்காரர் மெட்டலுக்காகத் தந்திகளைத் தளர்த்தி ட்ராப் சி என்ற சுருதி முறைக்கு இறக்கி வைத்திருப்பாரே? தாழ்ந்த சுருதியில் உள்ள மூன்று தந்தியும் சி, ஜி, சி. உங்கள் பாடகருக்கு அது ச, ப, ச. தம்புரா கையிலேயே இருக்கிறது. தோடி வரும் இடத்தில் அதை மட்டும் மெதுவாக ஓட விட்டு மற்றதை எல்லாம் நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடைசி சரணத்தில் சுருதியை ஏற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கீபோர்டில் ஒரு பட்டன். எனக்கு அப்படி இல்லை, மிருதங்கத்தை வலந்தலையில் (வலது முகத்தில்) கல்லால் தட்டித் தட்டிச் சேர்க்க வேண்டும், பாட்டின் நடுவில் எங்கே போவது? தாழ்ந்த சுருதிக்கு ஒரு வாத்தியம், உயர்ந்த சுருதிக்கு ஒன்று என்று தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம் நாங்கள். நான் வாசித்த ஒரு பேண்டில் திடீரென்று அரை கட்டை ஏற்றினார்கள், கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏழுக்கு வழி சுலபம். வாத்தியத்தைத் தொடாமல் ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து தகிட தகதிமி, தகிட தகதிமி என்று வாயால் சொல்லுங்கள், கையில் தட்டிக்கொண்டே. வாயில் வந்துவிட்டால் கையில் வரும்.

கொயர் டெனர்:

ஃப்ரேசர் டவுனிலிருந்து. நானும் சர்ச் ஆள்தான். அந்தப் பெண்ணுக்கு ராகம் தெரியாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டீர்களோ? கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து நம் கீர்த்தனைகள் ராகத்தில்தான் இருக்கின்றன, கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். பெயர் தெரியாமல் அவர் நிறையப் பாடியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்குள்ள கஷ்டம் வேறு. கொயரில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலும் எப்போதும் ஒலித்தே பழக்கம், இடம் காலியாக இருந்தால் கை தானாகப் போய் நிரப்பிவிடும். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: கார்டில் காந்தாரத்தை எடுத்துவிடு, சட்ஜமும் பஞ்சமமும் போதும். மெட்டல்காரர்கள் பவர் கார்டு என்று ராத்திரி பகலாக வாசிப்பது அதைத்தானே. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் டிஸ்டார்ஷன் கிடார் எங்கள் கொயரைவிடக் கச்சேரிக்கு நெருக்கம், இது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

கார்டு வைத்தே தீர வேண்டும் என்றால் ஹம்சத்வனி ராகத்துக்குப் போங்கள். ச ரி க ப நி, ஐந்தையும் சேர்த்து அமுக்கினாலே அழகான மேஜர் நைன்த் கார்டு.

சாமராஜ்பேட்டை ரசிகன்:

வாசிக்கத் தெரியாது, கேட்க மட்டும் தெரியும். சக்தி என்ற பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் எல். சங்கரோடும் ஜாகிர் உசேனோடும் விக்கு விநாயகராமோடும் உட்கார்ந்தார். கிடாரும் வயலினும் சேர்ந்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், வடக்கத்தித் தபலாவும் தெற்கத்திக் கடமும் ஒரே கணக்கில் பேசிக்கொண்டதும் அதே அளவுக்குப் புதுசு. அதற்கு முன்னால் மெக்லாஃப்லின் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். அப்புறம் கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) வரவேண்டும் என்று கிடார் கழுத்தின் ஃப்ரெட்டுக் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, குறுக்கே கூடுதல் தந்திகள் போட்ட கிடார் ஒன்றைச் செய்ய வைத்தார். தன் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டவர். சக்தி என்ற பேர் 2024இல் கிராமி வாங்கும் வரை நின்றது.

இன்னொரு பக்கம் டெல்லி பேண்டு இந்தியன் ஓஷன். அங்கே யாரும் யாராகவும் மாறவில்லை. அஷீம் சக்ரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடினார், ராகுல் ராம் பேஸ் வாசித்தார், நர்மதா அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்த மனிதர், அந்தப் பள்ளத்தாக்கின் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே பாட்டுக்குள் நிறைய நேரம் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். நம்ம ஊரிலேயே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்காரர்கள் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து செய்த ‘ஜோதி’ ஆல்பம் 1983இல் வந்தது. ஆர்.ஏ. ராமமணி அம்மாவின் குரலும் சாக்ஸபோனும் ஒன்றுக்கொன்று இடம் விடுவதைக் கேளுங்கள். ஆறு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

வெறும் காது:

எல்லாம் சரி. பாதி ஃப்யூஷன் பேண்டுகள் தியாகராஜர் கீர்த்தனையை எடுத்துப் பின்னால் டிரம்ஸ் போட்டு, நடுவில் ரெண்டு நிமிஷம் கிடார் சோலோ விட்டு, மறுபடி பல்லவிக்கு வந்து முடிக்கிறார்கள். கீர்த்தனை இல்லாமல் நாலு நிமிஷம் நிற்குமா உங்கள் பேண்டு? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அல்சூர் பேஸ்:

நிற்காது ப்ரோ, ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் உள்ள பாட்டு எல்லாமே பாடகர் கொண்டுவந்ததுதான். நாங்கள் மேலே பூசுகிறோம்.

ட்ராப் சி விஷயத்தை நேற்று வாட்ஸ்அப்பில் போட்டேன், கிடார்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீர்த்தனைப் புத்தகம் பற்றியும் கேட்டேன், ‘நீங்க யாரும் கேக்கலையே’ என்று பதில் வந்தது.

சிண்டும் அடியும்:

நான் பறை வாசிப்பவன், ஓசூர். அந்தக் கேஜிஎஃப் தம்பி சார்பாக யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களைக் கூப்பிடும் விதம் தெரியும். பாட்டு எல்லாம் முடிவாகி, கீபோர்டு எங்கே, கிடார் எங்கே என்று பேசித் தீர்த்து, கடைசியில் ‘இங்க ஒரு குத்து வேணும் அண்ணா’ என்பார்கள். ஒரு நிமிஷம் அடித்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். போன வருஷம் ஒரு குழுவோடு வாசித்தேன், போஸ்டரில் எல்லார் பெயரும் இருந்தது, எனக்கு ‘மற்றும் பறை’ என்று போட்டார்கள். அந்தக் குழுவுக்குப் பிறகு போகவில்லை.

எங்களிடம் அடிகள் இருக்கின்றன, ஆட்டத்துக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முழுப் பாட்டைத் தாங்கும். அதிலிருந்து ஒரு பாட்டைத் தொடங்கி, பேஸ் அதன்மேல் ஏறி, பாடகர் அதற்கு மெட்டுத் தேடினால் ஏழு நாலு-மூன்றா மூன்று-நாலா என்ற சண்டையே வராது. 2018இல் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்டு மேடை ஏறியபோது கானாவும் பறையும் நடுவில் இருந்தன, ராக் அதைச் சுற்றி நின்றது.

ஒரு நடைமுறை விஷயமும் சொல்கிறேன். தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் ஏறும். ஏசி ஹாலில் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும், உள்ளே நெருப்பு மூட்ட யாரும் விடமாட்டார்கள். பறை வரும் பாட்டுகளை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வையுங்கள், வெளியே காய்ச்சிக்கொண்டு நேராக மேடை ஏறலாம். பிளாஸ்டிக் தோல் போட்டது இருக்கிறது, தொய்யாது, ஆனால் சத்தம் தகர டப்பா. மைக்கைப் பறையின் முகத்துக்கு நேரே ஒட்டி வைக்காதீர்கள், சிண்டுக்குச்சி (மெல்லிய நீளக் குச்சி) சத்தம் மட்டும் சுளீரென்று விழும், அடிக்குச்சி (தடித்த குட்டைக் குச்சி) காணாமல் போய்விடும்.

தொப்பியும் வலந்தலையும்:

ஓசூர் அண்ணா சொல்வதுதான் சரி. மிருதங்கக்காரர் பறையின் அடியைத் தகிட தகதிமி மாதிரி சொற்கட்டாக மாற்றித் தருகிறேன் என்று ஆரம்பிப்பார், அதை மட்டும் விடாதீர்கள். முதலில் கேட்கட்டும்.

அல்சூர் பேஸ்:

அண்ணா, நன்றி. இந்த ஞாயிறு கீர்த்தனை எதுவும் இல்லை, தம்பி ஒரு சாமி அடியை வாசிக்கட்டும், நாங்கள் அதற்குள் நுழைய முடிகிறதா பார்க்கிறோம் என்று குழுவில் சொல்லிவிட்டேன். பாடகர் முதலில் முணுமுணுத்தார், பிறகு ‘சாஹித்யம் யார் எழுதுவது’ என்று கேட்டார், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால் எங்கள் ஜாம் ரூம் ஓனர் பறை என்றாலே பக்கத்து வீட்டுப் புகார் வரும் என்கிறார், டபுள் பேஸ் டிரம்முக்கு வராத புகார். அல்சூர், சிவாஜி நகர், பையப்பனஹள்ளி பக்கம் மொட்டை மாடியோ ஷெட்டோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாடகை கொடுத்துவிடுகிறோம். காலை நேரம் என்றால் நல்லது, தம்பி சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும்.