காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சிரமம், மிதித்தால் திணறல்: பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

நிலாவெளிக்காரன்:
2012ஆம் ஆண்டு 800 சிசி கார், மூன்று சிலிண்டர், இன்ஜெக்ஷன். இரண்டு மாதமாகக் காலையில் ஏழெட்டுத் தரம் செல்ஃப் அடித்தால்தான் எழும்புகிறது. கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினால் ஒரே தரத்தில் எழும்பிவிடும். மெதுவாக ஓடினால் பிரச்சினையில்லை. சாம்பல்தீவுப் பக்கம் பஸ்ஸை முந்தலாமென்று அழுத்தினால் ஒரு கணம் செத்து, அப்புறம்தான் இழுக்கிறது. உவர்மலை ஏற்றத்திலும் அதே கதை. பிளக் மூன்றும் புதிது, ஏர் ஃபில்டர் புதிது. என்ஜின் லைட் எரியவில்லை. கராஜில் பெற்றோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டதும் இங்கே வந்துவிட்டேன்.

கந்தளாய் ஓட்டம்:
பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும். டாங்கைக் கழுவிப் பாருங்கள்.

நிலாவெளிக்காரன்:
அதையும் செய்தாயிற்று அண்ணா. இரண்டு நாள் வீட்டில் பெற்றோல் மணம்தான் மிச்சம்.

பழைய ஸ்பானர்:
தம்பி, பம்பை மாற்ற முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, காலையில் உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். சாவியை ஓன் பண்ணி, பின்னால் பம்ப் சத்தம் நிற்கும்வரை பொறுத்து, ஓஃப் பண்ணுங்கள். இப்படி மூன்று தரம் செய்துவிட்டு அடியுங்கள். இரண்டு, ஸ்டார்ட் ஆகும்போது கரும்புகையோ பெற்றோல் மணமோ வருகிறதா?

நிலாவெளிக்காரன்:
இன்று காலை செய்தேன். ஒரே அடியில் எழும்பியது! புகையும் இல்லை, மணமும் இல்லை. பம்ப் சத்தம் மட்டும் சோர்ந்துபோன நுளம்பு மாதிரி இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
அப்போ பெற்றோல் கூடவில்லை, குறைகிறது. லைனில் பிரஷர் ஏறினால் கார் எழும்புகிறது. பத்து நிமிடத்தில் திரும்பும்போது அந்தப் பிரஷர் இறங்காமல் இருக்கும், அதனால்தான் ஒரே தரத்தில் எடுக்கிறது. ஆனால் சத்தம் சோர்ந்திருந்தால் பம்பை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. அதற்குக் கரண்ட் சரியாகப் போகிறதா? என்ஜின் ஓடும்போது பற்றரியில் எத்தனை வோல்ட், பம்ப் சோக்கட்டில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரால் அளந்து சொல்லுங்கள். சோக்கட்டைக் கழற்றி அளந்தால் பயனில்லை, பம்ப் ஓடும்போதே பின்பக்கத்தால் ஊசியை விட்டு அளக்க வேண்டும். டாங்க் பக்கம் வேலை, பீடி சிகரெட் கிட்டவும் வரக் கூடாது.

கந்தளாய் ஓட்டம்:
2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் எல்லாரும் டாங்க் அடியில்தானே ஓடினோம். பம்பைக் குளிர வைப்பதே பெற்றோல்தான். என்னுடையது அப்படித்தான் போனது. அதனால் பம்பாகவும் இருக்கலாம்.

நிலாவெளிக்காரன்:
மச்சானின் மீட்டரால் அளந்தேன். பற்றரியில் 13.8. பம்பில் 10.9.

பழைய ஸ்பானர்:
கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியில் தொலைகிறது. மீட்டரின் ஒரு ஊசியைப் பம்பின் எர்த் வயரிலும் மற்றதைப் பற்றரி நெகட்டிவிலும் வையுங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட வர வேண்டும்.

நிலாவெளிக்காரன்:
2.4 காட்டுகிறது.

பழைய ஸ்பானர்:
பிடிபட்டது. தொலைவதில் பெரும்பங்கு எர்த் வழியில்தான். அந்த எர்த் வயர் போய்க் காரின் இரும்பு உடலில் எங்கே முறுக்கியிருக்கிறதோ, அங்கே கழற்றுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பற்றரியே 10 வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கும். அதிலும் வழியில் இவ்வளவு போனால் பம்புக்கு என்ன மிஞ்சும்? ஐடிலில், அதாவது மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, பெற்றோல் கொஞ்சம் போதும், அதனால் தெரியாது. அழுத்தி மிதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நிலாவெளிக்காரன்:
டிக்கியில் தரைவிரிப்பைத் தூக்கினேன். மூலையில் ஒரு போல்ட், அதில் அந்த வயர். வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு, அடியில் துருப் பொருக்கு, சுற்றிவர வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது. ஞாயிறு தோறும் கரையிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு மீன் ஏற்றி வருவேன். பெட்டி ஒழுகுவது தெரியும், எங்கே போய் நிற்கிறது என்று நினைத்ததே இல்லை. மண்தாளால் பளபளக்கத் தேய்த்து, வளையத்தை மாற்றி, முறுக்கிக் கிரீஸ் பூசினேன். இப்போது பம்பில் 13.2.

பழைய ஸ்பானர்:
நாளைக் காலை எப்படி எழும்புகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நிலாவெளிக்காரன்:
மூன்று நாளாக ஒரே அடி. நேற்று அதே இடத்தில் பஸ்ஸை முந்தியும் விட்டேன். மீன் பெட்டி இனி மச்சானின் பைக்கில்.