சுனாமியில் தம்பியை இழந்தேன்: அந்தக் காலையைத் திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

நெய்தல்:
நான் நாகப்பட்டினம் கடற்கரையில் உள்ள கீச்சாங்குப்பத்தில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பத்து வயது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். கறுப்பாக வந்த தண்ணீர் அவனைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது திருப்பூரில் கணவர், மகளுடன் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. வலது உள்ளங்கை வியர்த்து, விரல்கள் தாமாக இறுக மடங்கிக்கொள்கின்றன. டிசம்பர் பிறந்துவிட்டால் தூக்கமே கிடையாது.

ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்து வருகிறேன். அந்தக் காலையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்கிறார். "ஆறிய புண்ணை ஏன் கீற வேண்டும்?" என்கிறார் மாமியார். அம்மாவோ தம்பியின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். சொல்லிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வடக்குத்தெரு:
சகோதரி, உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி என்று படுகிறது. குழந்தை முகத்தைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும்.

முகாம்அக்கா:
தங்கச்சி, 2005இல் நாகப்பட்டினம் தற்காலிகக் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு வேலை செய்தவள் நான். பெரியவர்கள் "கேட்காதீர்கள், அழுதுவிடும்" என்பார்கள். பிள்ளைகளோ கேட்காமலேயே அலையை வரைந்துகொண்டிருந்தார்கள்.

வடக்குத்தெருவார் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் ஆறிய புண் விரல்களை மடக்காது. தொட்டிச் சத்தத்திலிருந்து நீங்கள் விலகும் ஒவ்வொரு தடவையும், தப்பித்தது விலகியதால்தான் என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. பயம் அப்படியே நிற்கிறது. பாதுகாப்பான அறையில், நம்பும் ஒருவர் முன்னால், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும்போதுதான் அது நடந்து முடிந்த ஒன்று என்று உடம்புக்கு உறைக்கிறது. இத்தகைய பேச்சு சிகிச்சையை உலக சுகாதார நிறுவனமும் 2013 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. பேரிடர் நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் சொல்ல வைப்பது வேறு. அதை வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆகவே ஆலோசகரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள்: "நிறுத்துங்கள் என்றால் நிறுத்துவீர்களா?" ஆம் என்றால் தொடங்கலாம். மூச்சை நிதானப்படுத்தவும், கால் தரையில் பதிந்திருப்பதை உணரவும் முதலில் பழக்கித் தரச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கனவுகள் கூடலாம். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கரைவலை:
நான் அக்கரைப்பேட்டை. எனக்குச் சொல்லச் சொல்லத்தான் குறைந்தது. அலை வந்த இடத்தில் நான் தடுமாறவில்லை. அதற்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்ட இடத்தில்தான் குரலே வரவில்லை. உங்களுக்கும் எதிர்பாராத இடத்தில் அடைக்கலாம். நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள் அக்கா. கை நழுவியது உங்கள் குற்றமில்லை. பத்து வயதுக் கை அது.

நெய்தல்:
கடைசி வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. அடுத்த வாரம் தொடங்கப் போகிறேன். அம்மாவையும் கூட அழைத்துப் போகலாமா?

முகாம்அக்கா:
இப்போது வேண்டாம். அவர் மனம் வரும்போது வரட்டும். நீங்கள் போய்வருவதை மட்டும் மறைக்காதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் அது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.