ரவுட்டரில் இரண்டாவது ஐபி போட்டும் நெட் வராத இடங்கள்: திருகோணமலைப் பக்க அனுபவங்கள்

உப்புவெளி_நெட்
நிலாவெளி, உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ்களில் திரும்பத் திரும்ப வரும் கேஸ் இது. பழைய டிவிஆரும் (கமராப் பதிவுப் பெட்டி) கமராக்களும் 192.168.0.x-இல் நிலையாகப் போடப்பட்டிருக்கும், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. புதிதாக வாங்கிய மிக்ரோடிக் ரவுட்டர் 192.168.88.1-இல் இருக்கும். கமராக்களைத் தொடாமல் ரவுட்டருக்கே இன்னொரு முகவரி கொடுப்பதுதான் லேசு. மிக்ரோடிக்கை அமைக்கும் வின்பாக்ஸ் மென்பொருளில் ஐபி, அட்ரசஸ் போய் 192.168.0.1/24 சேருங்கள் (/24 என்றால் 192.168.0.x முழுவதும் ஒரே நெட்வொர்க்). டிவிஆரில் கேட்வே (வெளியே போகும் வழி) என்று எந்த எண் இருக்கிறதோ அதையேதான் இங்கே போட வேண்டும். இன்டர்ஃபேஸாக, உள்பக்கப் போர்ட்களை ஒன்றாக்கும் ‘பிரிட்ஜ்’-ஐத் தேர்ந்தெடுங்கள்; ஈதர்2, ஈதர்3 என்று தனிப் போர்ட்டில் போட்டால் ஒழுங்காக வேலை செய்யாது. /24 விடுபட்டால் ரவுட்டர் அதை /32, அதாவது ஒரே ஒரு முகவரி, என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு கமராவும் பிங் ஆகாது, அதாவது சோதனைச் செய்திக்குப் பதில் தராது.

கிண்ணியா_கேபிள்
பிங் ஆகிறது, நெட் மட்டும் இல்லை என்றால் நாட் (NAT, உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) அமைப்பைப் பாருங்கள். மிக்ரோடிக்கின் தொடக்க அமைப்பில் மாஸ்கரேட் என்ற நாட் விதி வான் (WAN, இணையம் வரும்) பக்கத்தை மட்டும் பார்ப்பதால் இரண்டாவது நெட்வொர்க்கும் தானாகப் போகும். யாராவது அதில் சோர்ஸ் (அனுப்பும் முகவரி) 192.168.88.0/24 என்று இறுக்கி வைத்திருந்தால் போகாது. ரவுட்டரிலிருந்தே, சோர்ஸ் முகவரியாக 192.168.0.1 கொடுத்து கூகிளின் 8.8.8.8-ஐ பிங் செய்யுங்கள். பதில் வந்தால் பிழை டிவிஆரின் கேட்வேயில். வராவிட்டால் முதலில் நாட் அமைப்பைத் திறவுங்கள்.

கோணமலை_ஃபைபர்
இன்னொரு பொறி. ஃபைபர் பெட்டியும் 192.168.1.x, பழைய டிவிஆரும் 192.168.1.x. ரவுட்டரின் வான் பக்கமும் உள்பக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிட்டால் பாக்கெட் எந்தப் பக்கம் போவது? சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. அதுதான் ஆளைக் கொல்லும். ஃபைபர் பெட்டியின் லான் (LAN, உள்பக்க) முகவரியை 10.10.10.1 ஆக்கிவிட்டு ரவுட்டரை ரீபூட் செய்தால் முடிந்தது.

மூதூர்_சிஸ்கோ
சிஸ்கோ ரவுட்டர் என்றால் கட்டளையின் கடைசியில் ‘செகண்டரி’ கட்டாயம்: ஐபி அட்ரஸ் 192.168.2.1 255.255.255.0 செகண்டரி. அந்தச் சொல் இல்லாவிட்டால் பழைய முகவரி அழிந்து புதியது அதன் இடத்தில் ஏறும். எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து) இருப்பவர் வெளியே விழுவார், பிறகு கன்சோல் வயரைத் தேட வேண்டியதுதான். நாட் அமைப்புக்கான ஆக்சஸ் லிஸ்டிலும் (எந்த முகவரிகளுக்கு அனுமதி என்ற பட்டியல்) 192.168.2.0 0.0.0.255 வரியைச் சேருங்கள். பெரும்பாலும் விடுபடுவது இதுதான். டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் வசதி) வழக்கமாக முதல் முகவரியின் பூலிலிருந்தே கொடுக்கும், ஆகவே இரண்டாவது நெட்வொர்க் கருவிகளுக்கு ஐபியைக் கையால் போடுங்கள்.

உவர்மலை_லான்
ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு முகவரி என்பது இரண்டு லான் அல்ல. வைஃபையில் இருக்கும் விருந்தினர் தன் லேப்டாப்பில் 192.168.0.77 என்று போட்டால் கமராவின் லொகின் பக்கம் திறக்கும். பிரிக்க வேண்டுமென்றால் விலான் (VLAN, ஒரே வயரில் தனித்தனி நெட்வொர்க்) தான். அதற்கு விலான் அமைக்கக்கூடிய மேனேஜ்ட் சுவிட்ச் வேண்டும், செலவுக்கு யோசிக்காதீர்கள்.

உப்புவெளி_நெட்
சரி அண்ணை, ஹோட்டல் என்றால் விலான்தான் சரி. சின்னக் கடைக்கு இரண்டாவது முகவரி போதும். ஃபோனில் கமரா பார்க்க டிவிஆரின் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) கட்டத்தையும் பாருங்கள். வெறுமையாகவோ பழைய எண்ணோடோ இருந்தால் 192.168.0.1 அல்லது 8.8.8.8 போடுங்கள். கடற்கரை ஓரம் என்றால் இதற்கெல்லாம் முன்னால் நெட் வயரின் ஆர்ஜே45 முனையில் பச்சை பிடித்திருக்கிறதா என்று ஒருக்கால் கழற்றிப் பாருங்கள்.