ஊரப்பாக்கம்–கூடுவாஞ்சேரி இடையே அதிகாலையில் உட்கார்ந்து சாப்பிட ஓர் உணவகம் தேவை

வணக்கம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்ட உறவினர்கள் கோயம்பேடு வரை செல்லாமல் எங்கள் பகுதியிலேயே இறங்கிவிடுகிறார்கள். அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு பேர் விடியற்காலை ஐந்து மணியளவில் வந்து சேர்கிறார்கள். மண்டபமோ ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அவர்களில் மூவர் சர்க்கரை நோயாளிகள் என்பதால் உணவைத் தள்ளிப்போட இயலாது. முழங்கால் வலியுள்ள பெரியம்மாவால் மாடிப்படி ஏற முடியாது.

இரயில் நிலையம் அருகே நாங்கள் நம்பியிருந்த பழைய மெஸ், அடுக்குமாடிக் கட்டுமானத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் விசாரித்த சைவ உணவகங்களில் அந்நேரத்துக்கு நின்றபடி குடிக்கும் காப்பி மட்டுமே கிடைக்கும் என்றார்கள். புதிதாக முளைத்த பிரியாணிக் கடைகளும் கஃபேக்களும் நள்ளிரவுவரை விழித்திருந்துவிட்டு, முற்பகலில்தான் கதவைத் திறக்கின்றன (இப்பகுதியில் மந்தி என்னும் அரபு இறைச்சிச் சோறு கிடைப்பது எளிது, இட்லிதான் அரிதாகிவிட்டது). இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவதாகக் கூகுள் மேப்ஸ் காட்டிய ஓரிடத்துக்கு நேரில் சென்றபோது ஷட்டர் பூட்டிக் கிடந்தது. தாம்பரம் வரை செல்வது, பெட்டிகளுடன் வரும் முதியவர்களுக்கு வீண் அலைச்சல்.

விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ஐந்தரை மணிக்குள் இட்லி, பொங்கல், சர்க்கரையில்லாத காப்பி ஆகியவற்றைத் தரைத்தளத்தில் அமரவைத்துப் பரிமாறும் உணவகம், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே அண்மையில் நீங்கள் நேரில் சென்று சாப்பிட்டது எது?